கறிக்கு மீன்

2018 மே மாதம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். எங்கள் வீட்டு போர் மோட்டார் நின்றுபோனது. பதினாலு வருஷம் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஸ்டார்ட்டரைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். கோளாறு கீழே மோட்டாரில் இருந்தது. குழாயோடு சேர்த்து மேலே தூக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு பேராவது வேண்டும்.

டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி கேட்டாள்: "யாரைக் கூப்பிடப் போறீக?"

போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். தோஹாவில் கூட இருந்தவர்கள், ஏஜென்ட், சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், ஊர்க்காரர்கள். எல்லாரும் இருந்தார்கள். அந்த நேரத்தில் "கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்று உரிமையாகக் கூப்பிட ஒருவர்கூட இல்லை. மறுநாள் கூலிக்கு ஆள் வைத்துத் தூக்கினேன். தண்ணீர் வந்துவிட்டது. அவள் கேட்ட கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. நான் ஊரோடு வந்து அப்போது நாலு மாதம். வயது நாற்பத்திரண்டு.

எங்களுக்கு உச்சிப்புளிப் பக்கம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில், நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிற இடம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். வண்டியை எடுத்தால் எந்தக் கடலுக்கும் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை என்று 'வலசை'யில் முடிகிற ஊர்கள் இங்கே உண்டு. வலசை என்றால் பிழைப்புக்காக இடம் பெயர்வது. எந்தக் காலத்திலோ இந்த மணலுக்கு வலசை வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் வலசை போகிறோம். பக்கத்தில் என்மனங்கொண்டான் என்று ஓர் ஊர். சின்ன வயதிலிருந்து வாயில் புரண்ட பெயர். அந்த வருஷம்தான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊரில் இரண்டே கேள்விகள். "எப்ப வந்தீக?" "எப்பப் போறீக?" இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரும்போது இந்த இரண்டும் போதுமானதாக இருந்தது. அறுபது நாளும் கல்யாணம், காதுகுத்து, விருந்து என்று ஓடிவிடும். நிரந்தரமாக வந்த பிறகு இரண்டாவது கேள்விக்கு "இனிமே போகல" என்றேன். "அப்படியா, சரி" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். யார் மேலும் குறை இல்லை. பதினாலு வருஷத்தில் அவர்களுடைய சாயங்காலங்கள் நான் இல்லாமலே நிரம்பியிருந்தன. டீக்கடை பெஞ்சில் யார் எங்கே உட்காருவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

தோஹாவில் நட்புக்கு நான் ஒன்றுமே செய்ததில்லை. ஒரு அறையில் ஆறு பேர். கட்டில் மேலே கீழே. சமையல் முறைவைத்து நடக்கும். என் முறை செவ்வாய்க்கிழமை, என்னோடு வெங்காயம் உரிக்க வருபவர் கீழக்கரைக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அதனால் காக்கா. அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்னொருத்தன் புதுக்கோட்டைக்காரன், என் வயது. ராத்திரி யாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தாலும் ஆறு பேருக்கும் கேட்கும். யார் மகளுக்குக் காய்ச்சல், யார் வீட்டில் நகை அடகில் இருக்கிறது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். மறைக்க இடமில்லாத இடத்தில் நட்பு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

பின்னால் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்டது. அறிமுகமான ஒருவர் சாதாரண சிநேகிதராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லும்படி ஆக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம். வேலையிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லையாம். படித்தவுடன் நான் கணக்குப் போட்டேன். அறையில் தினம் நாலு மணி நேரம் என்றால் 200 மணி நேரம் இரண்டே மாதம். ஊர் டீக்கடையில் தினம் பத்து நிமிஷம் என்றால் 1,200 நாள், மூன்று வருஷத்துக்கு மேல். அதுவும் அந்தப் பத்து நிமிஷமும் ஒரே ஆளோடு பேசினால். கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது. சைட்டில் பத்து வருஷம் கூட நின்ற ஃபோர்மேனோடு இன்று எனக்கு ஒரு தொடர்பும் இல்லை. வெங்காயம் உரித்த காக்கா இருக்கிறார். ஆனால் நாற்பது தாண்டியவனுக்கு அந்த 200 மணி நேரம் எங்கே கிடைக்கும்?

கூடப் படித்தவர்களிடம் கிடைக்கும் என்று முதலில் நினைத்தேன். பத்தாம் வகுப்பு பேட்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஒரு தடவை ராமநாதபுரத்தில் எல்லாரும் கூடினோம். சாப்பிட்டோம், செத்துப்போன ஒரு வாத்தியாரை நினைத்து எழுந்து நின்றோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். நிஜமாகவே சந்தோஷமான நாள் அது. மறுநாள் முதல் பழையபடி காலை வணக்கப் படங்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதையை ஒரு தடவை சேர்ந்து சிரிக்கலாம், இரண்டு தடவை சிரிக்கலாம். அப்புறம் புதிதாகச் சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டும், அது எங்களிடம் இல்லை. அவர்களில் ஒருவனுக்கு நாற்பதாயிரம் கைமாற்றுக் கொடுத்தேன். இப்போது அவன் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. பணம் போனால் போகட்டும் என்று ஆள்விட்டுச் சொல்லியும் வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனமில்லை.

விஷயத்தை எனக்குப் புரியவைத்தது என் மனைவி. அவள் பரமக்குடியிலிருந்து வந்தவள். கல்யாணத்தோடு அவளுடைய சிநேகிதிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குப் போய்விட்டார்கள். பெண்களுக்கு இது எல்லா வீட்டிலும் நடப்பது, அதை யாரும் ஒரு இழப்பாகப் பேசுவதுகூட இல்லை. எனக்கு நாற்பத்திரண்டில் வந்த தனிமை அவளுக்கு இருபத்திமூன்றில் வந்திருக்கிறது. நான் தோஹாவில் இருந்தபடி அதைக் கேட்டதே இல்லை. அவள் மகளிர் குழுவில் சேர்ந்திருந்தாள். வாரா வாரம் தவணைப் பணம் கட்டும் கூட்டம். நோட்டில் வரவு வைத்துக் கையெழுத்துப் போட கால் மணி நேரம் ஆகும். அவள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

"பணம் கட்ட இவ்வளவு நேரமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பணம் கட்டவா போறோம்? அது ஒரு சாக்கு," என்றாள்.

சாக்கு. அந்த வார்த்தையைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் ஒரு சாக்கு. ஆறு பேர் தங்கிய அறை ஒரு சாக்கு. அவை எல்லாம் நமக்காக யாரோ ஏற்பாடு செய்து கொடுத்தவை. வயது ஏறிய பிறகு அப்படி யாரும் கொடுப்பதில்லை, நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம் இல்லாமல் ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்றால், வந்தவனுக்கும் கூச்சம், வீட்டுக்காரருக்கும் சந்தேகம். ரொம்ப நாள் பேசாதவன் போன் செய்து "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றால், கடன் கேட்கப் போகிறான் என்றுதானே முதலில் தோன்றுகிறது? சும்மா கூப்பிடும் அளவுக்கு ஒரு உறவு வரும்வரை அதற்கு ஒரு சாக்கு தேவைப்படுகிறது.

எனக்குக் கிடைத்த சாக்கு மீன்.

காலையில் தென்கடல் பக்கம் போய் நாட்டுப்படகு மீன் வாங்க ஆரம்பித்தேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது கரையில் நாட்டுப்படகு மீனுக்குத்தான் கிராக்கி. வெயில் ஏறுவதற்குள் போய் நின்றால் ஒரு கூறு நகரையோ ஓராவோ கிடைக்கும். ஒரு பைபர் வள்ளத்துக்காரரிடம் வழக்கமாக வாங்கினேன். ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். அவ்வளவுதான் இரண்டு மூன்று மாதம்.

வள்ளம் கரை ஏறும்போது அங்கே யார் நின்றாலும் தோள் கொடுக்க வேண்டும். மீன் வாங்க வந்தவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வேண்டியதுதான். நானும் தள்ளினேன். ஒருநாள் படகில் பேட்டரிக்குப் போகிற வயர் உப்பில் பச்சை பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு சாமான் எடுத்துட்டு வர்றேண்ணே" என்றேன். மறுநாள் முனையைச் சுரண்டி, புது வயர் போட்டு, தண்ணீர் ஏறாமல் அடைத்துக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு நான் கூறுக்குக் காசு எடுத்தபோது, ஒரு விளமீனை வாலைப் பிடித்துத் தூக்கி என் பையில் போட்டுவிட்டு, "கறிக்குத்தானே, கொண்டு போங்க தம்பி," என்றார்.

கடற்கரைக்காரர்களுக்கு இந்தச் சொல் தெரியும். விற்பதற்கு வைத்த மீன் வேறு, கறிக்கு என்று எடுத்து வைக்கிற மீன் வேறு. கறிக்கு என்றால் அவர் வீட்டுச் சட்டிக்குப் போவது. அதிலிருந்து ஒரு மீனை உங்கள் பையில் போட்டால் அதற்கு விலை கிடையாது, விலை பேசவும் கூடாது. அன்று மீனைக் கழுவும்போது என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

நிஜமான பழக்கம் அதற்கு அப்புறம் கச்சான் காற்றில்தான் வந்தது. எங்கள் இரண்டு கடலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருப்பதில்லை. மார்கழிப் பக்கம் வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் தென்கடல் ஆள் இறங்க விடாது. அந்த நாட்களில் அவர் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார். நானும் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் என் கையில் ஊசியைத் தரவில்லை, வலையை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அடுத்த நாள் வலையில் சிக்கிக் காய்ந்து கிடந்த நண்டுக்கால்களை நொறுக்கி எடுக்கச் சொன்னார். கண்ணி பிசகாமல் முடிச்சுப் போட எனக்கு ஒரு மாதம் ஆனது. வெளியே மணல் ஓலையில் வந்து அடிக்கும். பேச்சு வரும், போகும். சில நாள் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசாமலே இருப்போம். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவது எங்கள் ஊரில் நடக்கிற காரியம் இல்லை. கையில் ஒரு வேலை இருந்து, கண் அந்த வேலையில் இருந்தால், வாய் தானாகப் பேசுகிறது. அவருடைய மகன் படிப்பை விட்ட கதை, நான் தோஹாவில் இருந்தபோது அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன கதை, எல்லாம் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னவைதான்.

ஒருநாள் அவர் சங்கு குளிப்பது பற்றிச் சொன்னார். கீழே இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்களாம் பெரியவர்கள். கூடப் பிறந்தவள் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான்.

"மச்சான் இல்லாதவன் என்னண்ணே செய்வான்?" என்றேன்.

"சிநேகிதனைப் பிடிக்கச் சொல்லுவான். அதுக்கு முன்னாடி அவன் வீட்டுல நாலு நாள் சாப்பிட்டிருப்பான்," என்றார்.

அவர் வீட்டில் நானும் சாப்பிட்டேன். அவருடைய அம்மா எண்பதை நெருங்கியவர், திண்ணையை ஒட்டிய அறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். வேர்த்துக் கொட்டுகிறது என்று சொன்னதால் ஒரு நாள் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கு நான் கரண்டுக்காரத் தம்பி.

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். 2023 ஐப்பசியில் வெளியூரில் ஒரு பெரிய வயரிங் வேலை கிடைத்தது. இரண்டு மாதம் அங்கேயே தங்கிவிட்டேன். அந்த இரண்டு மாதத்தில் அண்ணனுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவரும் வாடைக் காலத்தில் கடலில் இருப்பார், வந்து பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மார்கழியில் அந்த அம்மா இறந்துபோனார். நான் அறிந்ததே ஒருவர் வைத்த ஸ்டேட்டஸில். உடனே பஸ் ஏறியிருக்க வேண்டும். வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. 'ஆழ்ந்த இரங்கல்' என்று போனில் அடித்து, கும்பிடும் கைகளைப் போட்டு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டால் மன்னித்துவிடுவார்கள். கேதத்துக்குப் போகாமல் விட்டால் மனதில் நிற்கும். மொய்யை நோட்டில் எழுதி வைப்பார்கள், வருஷங்கழித்துத் திருப்பிச் செய்து கணக்கை நேர் செய்துகொள்ளலாம். கேதம் கேட்க யார் வந்தார்கள் என்று எந்த நோட்டிலும் எழுதுவதில்லை, ஆனால் ஒருத்தருக்கும் மறப்பதில்லை. இது தெரிந்தே விட்டேன்.

ஊருக்கு வந்ததும் கரைக்குப் போனேன். வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், கூச்சத்தில் கரைக்குப் போனேன். வழக்கம்போல "வாங்க தம்பி" என்றார். வள்ளத்தைத் தள்ளினோம். நான் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னேன், தலையை ஆட்டினார். ஒரு கூறு கும்புளா எடுத்தேன். நூறு ரூபாயை நீட்டினேன்.

வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அந்த நூறு ரூபாய் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

அன்று சாயங்காலமே மனைவியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அந்த அறையில் கட்டிலை எடுத்துவிட்டு வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மேலே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவிதான் பேசினார்: "கரண்டுக்காரத் தம்பி எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு அப்புறம் நான் விடவில்லை. விட்டுவிடுவதுதான் இந்த வயதில் எல்லாரும் செய்வது. ஒரு சங்கடம் வந்தால் போதும், "அவர் அப்படித்தான், நாம இப்படித்தான்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். சின்ன வயதில் சண்டை போட்டவனோடு மறுநாளும் அதே பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும், சண்டை தீர்ந்துவிடும். இப்போது உட்கார்ந்தாக வேண்டிய பெஞ்சு எதுவும் இல்லை. அதனால் நானே கட்டாயப்படுத்திக்கொண்டு போனேன். 2024 கச்சான் காலம் முழுவதும் கொட்டகைக்குப் போனேன். வலை பிடித்தேன். மீன் எடுக்கும்போதெல்லாம் காசு கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டே இருந்தார்.

மற்றவர்களையும் அந்த வருஷம்தான் தேடிப்பிடித்தேன். காக்கா கீழக்கரையில்தான் இருக்கிறார், அவரும் ஊரோடு வந்துவிட்டார். பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நினைத்தே பல வருஷம் பார்க்காமல் விட்டிருந்தேன். போய் நின்றபோது, "என்னப்பா, தோஹாவுல இருந்தப்ப கிட்டத்துல இருந்தே, ஊருக்கு வந்ததும் தூரமாப் போயிட்டே" என்றார். கிளம்பும்போது தொதல் என்கிற இனிப்புப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போகிறேன். அது எங்கள் பழைய சமையல் முறை நாள். போனதும் காக்கா வீட்டில் நானும் அவரும்தான் வெங்காயம் உரிக்கிறோம்.

புதுக்கோட்டைக்காரன் போனில் "வர்றேன், வர்றேன்" என்று சொல்லியே ஏழு வருஷத்தை ஓட்டியவன். 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாம்பன் பாலம் திறந்தார்கள். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திறந்த மாதமே அவனிடமிருந்து போன்: "பிள்ளைகளுக்குப் பாலத்தைக் காட்டணும்டா, வர்றோம்." குடும்பத்தோடு வந்தான். சாலைப் பாலத்து ஓரத்தில் எல்லாரும் போய் நின்றோம். நடுவில் லிஃப்ட் மாதிரி மேலே தூக்கிக் கப்பலுக்கு வழிவிடும் பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவன் பாலத்தின் பக்கம் திரும்பவே இல்லை. என் தலையில் எத்தனை நரை என்று பார்த்துக்கொண்டிருந்தான். "சர்க்கரை இருக்கா உனக்கு?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "எனக்கும்டா" என்று என் தோளில் கை போட்டான்.

அவர்களை ரயில் ஏற்றிவிட்ட ஒரு வாரத்தில், மே மாதத் தொடக்கம், தென்கடலுக்குப் போனேன். கச்சான் இன்னும் எழும்பவில்லை. தடைக்காலம் என்பதால் கரையில் வியாபாரிகள் கூட்டம், விலையும் ஏறிக் கிடந்தது. வள்ளத்தைத் தள்ளி ஏற்றினோம். நான் ஒரு விளமீன் எடுத்தேன். அண்ணன் விலை சொன்னார், கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். கிளம்பத் திரும்பினேன். "பையைக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். வள்ளத்துக்குள் குனிந்து எதையோ அள்ளிப் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, என் வண்டி ஹேண்டிலில் அவரே மாட்டிவிட்டார். அதற்குள் ஒரு வியாபாரி கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டார்.

வீட்டில் மனைவி பையைச் சட்டியில் கவிழ்த்தாள். விளமீனுக்கு மேலே ஒரு கை சூடை, இன்னும் பளபளப்புப் போகாமல்.

"சூடையும் வாங்குனீகளா?"

"வாங்கல," என்றேன். "கறிக்கு."